காந்தி ஸ்டேடியம் பக்கத்து தட்டுவடை செட் வண்டி: செட்டுக்கு நாலு ஸ்டார், பேச்சுக்கு அஞ்சு

சேலத்துக்காரங்களுக்கு தட்டுவடை செட் பத்தி நான் சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்ல, வெளியூர்க்காரங்களுக்காக சொல்றேன், ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல துருவுன பீட்ரூட், கேரட், வெங்காயம், கூடவே கார சட்னி, புதினா சட்னி, அவ்ளோதான் மேட்டர். காந்தி ஸ்டேடியம் பக்கத்துல சாயங்காலம் மட்டும் நிக்கிற இந்த வண்டியில அது கரெக்டா வருது, கடிச்சா சத்தம் கேக்குது, சட்னில பூண்டு கொஞ்சம் தூக்கல், எனக்கு அப்படித்தான் புடிக்கும்.

ஆனா அங்க போறதுக்கு செட் பாதி காரணம்தாங்க. பாஸ்கெட்பால் ஆடிட்டு வேர்வையோட வர்ற கூட்டத்துல பழைய பிளேயருங்க, சீனியர் அண்ணனுங்க நாலஞ்சு பேரு உண்டு, பசங்க யாராச்சும் அமெரிக்காவோட என்பிஏ லீக் பாஸ்கெட்பால் ஸ்டார் யோகிச் பேர எடுத்தா போதும், உடனே அதே லீக்ல அந்தக் காலத்துல ஹூஸ்டன் டீமுக்கு ஆடுன ஹக்கீம் ஒலாஜுவான் புராணம் ஆரம்பிச்சிடும். லேகோஸ்ல ஹேண்ட்பால் ஆடிட்டு, ஃபுட்பால்ல கோலியா நின்னுட்டு இருந்தவரு, பாஸ்கெட்பால தொட்டதே பதினஞ்சு வயசுக்கு மேலதான், ஹூஸ்டன் யுனிவர்சிட்டிக்கு வந்தப்ப ஏர்போர்ட்ல கூப்பிட ஆள் இல்லாம டாக்ஸி புடிச்சு போனாராம், அதே ஆளு 1984 டிராஃப்ட்ல, அதாவது என்பிஏ டீமுங்க புது பிளேயருங்கள வரிசையா தேர்ந்தெடுக்கறப்ப, முதல் பிக், மைக்கேல் ஜோர்டானே மூணாவதுதான். இதுல எல்லாரும் விட்டுடற விஷயம் ஒண்ணு இருக்கு தம்பினு ஒரு அண்ணன் சொன்னாரு, காலேஜ் படிக்கிறப்ப லீவுல ஃபோண்டேங்கிற பொது ஜிம்முல என்பிஏ ஸ்டார் மோசஸ் மலோன் கூட மோதி மோதி ஆடுனாரு பாரு, ஆள் உருவானது அங்கதான்னு. எனக்கும் அதுதான் சரினு படுது, கால் வேகம் கோலி வேலைல வந்திருக்கும், ஆனா இடிச்சுக்கிட்டு நிக்கிற தெம்பு மலோன் கிட்ட அடி வாங்கித்தான் வந்திருக்கணும்.

அப்புறம் அந்த அண்ணன் ஒலாஜுவானோட ஏமாத்து வேலையான ட்ரீம் ஷேக் காட்டுனாரு, அத நீங்க பாக்கணும். வண்டிக்கும் ஸ்டூலுக்கும் நடுவுல இருக்குற மூணடி இடத்துல, கையில பிளேட்டோட, தோள இடது பக்கம் ஒரு ஆட்டு, எதிர்ல நின்ன பையன் அந்தப் பக்கம் சாஞ்சான், இவரு ஊனுன கால நகத்தாம அப்படியே வலது பக்கம் திரும்பிட்டாரு, ஐம்பது வயசு தாண்டுன மனுசன், பிளேட்ல இருந்து சட்னி ஒரு சொட்டு சிந்தல!

1994 என்பிஏ ஃபைனல் ஆறாவது மேட்ச்ல கடைசி செகண்ட்ல நியூயார்க் டீமோட ஜான் ஸ்டார்க்ஸ் ஷாட்ட விரல் நுனியில தட்டி 86-84னு காப்பாத்துனது, 1995ல அவங்க பிரிவுல ஆறாவது இடத்துல இருந்து பிளேஆஃப் உள்ள வந்து, அந்த வருஷத்தோட சிறந்த பிளேயர் (எம்விபி) டேவிட் ராபின்சன ஆறு மேட்ச்ல அனுப்பிட்டு, ஃபைனல்ல ஷாக்கில் ஓ'நீல், அதான் ஷாக், இருந்த ஆர்லாண்டோவ 4-0னு முடிச்சது, எல்லாம் வரிசையா வரும். 94ல ஜோர்டான் இல்லையேனு ஒருத்தன் கேட்டான், ஒலாஜுவான் மாதிரி 3830 பிளாக், அதாவது எதிராளி ஷாட்ட தட்டி விடுறது, எவன் போட்டான் சொல்லுன்னு ஒரே அதட்டல், அத்தோட அவன் வாய மூடிட்டான். (அது கேள்விக்கு பதில் இல்லதான், ஆனா அந்த சத்தத்துக்கு யாரு எதிர்த்து பேசுவா.)

குறைனு பாத்தா ஸ்டூல் ரொம்ப கம்மி, கை கழுவ தண்ணி ஒரே ஒரு குடத்துல, தட்டுவடைய உடைச்சுப் போட்டு தர்ற நொறுக்கல் மட்டும் கைக்கு வந்ததும் சாப்பிட்டுடுங்க, கதை கேட்டுக்கிட்டு இருந்தா ஊறி கூழாயிடும். ஏழு மணி வாக்குல போனா கூட்டமும் இருக்கும், சரக்கும் தீராது. ஷாக் ரசிகரா இருந்தா பார்சல் சொல்லிடுங்க.