உலாவிக்கு உலாவி உடையும் பக்கம்: எந்த வைத்தியம் நிற்கும்?

பக்கம் திரையின் முழு உயரத்துக்கும் நிற்க வேண்டும், அடியில் ஒரு பொத்தான். மடிக்கணினியில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஐஃபோனில் திறந்தால் பொத்தானின் பாதி கீழே மறைந்து கிடக்கிறது. இணையப் பக்கம் கட்டும் எல்லோரும் ஒரு நாளாவது இதில் மாட்டியிருப்போம்.

காரணம் தெரிந்ததுதான். 100விஎச் (திரை உயரத்தில் நூறு சதவீதம்) என்று உயரம் கொடுத்தால், முகவரிப் பட்டை சுருங்கியிருக்கும்போது கிடைக்கும் பெரிய உயரத்தையே ஐஃபோனின் உலாவியான மொபைல் சஃபாரி கணக்கில் எடுக்கும். பக்கம் முதலில் திறக்கும்போதோ பட்டை விரிந்திருக்கும். இது கவனக்குறைவில் நேர்ந்த பிழையல்ல. விரலால் தள்ளும்போதெல்லாம் உயரத்தை மறுபடி கணக்கிட்டால் பக்கம் குலுங்கும் என்பதற்காகத் தெரிந்தே எடுத்த முடிவு. 2017இல் 56ஆம் பதிப்போடு ஆண்ட்ராய்டு குரோமும் இதே வழிக்கு வந்தது.

இந்த ஒரே நோய்க்கு நம்மிடையே புழங்கும் வைத்தியங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் எது நிற்கும், எது ஆறு மாதத்தில் கழன்று விழும் என்பது விளங்கும்.

பழைய வழி, உலாவியின் பெயரைக் கேட்பது. உலாவி தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் யூசர் ஏஜென்ட் சரத்தை (எழுத்துத் தொடரை) படித்து, “இது ஐஃபோன் சஃபாரி, இதற்கு வேறு உயரம்” என்று பிரித்து எழுதுவது. உலாவி சொல்லும் பெயரை நம்ப முடியாது என்பதுதான் இதன் சிக்கல். குரோமின் சரத்தில் இன்றும் மொசில்லா இருக்கிறது, சஃபாரி இருக்கிறது, ஃபயர்பாக்ஸில் பக்கத்தை வரையும் எஞ்சினான கெக்கோ கூட இருக்கிறது. 2009இல் ஓபரா 10 வந்தபோது, பதிப்பு எண்ணில் ஓர் இலக்கம் மட்டுமே படித்த தளங்கள் அதைப் பதிப்பு 1 என்று எடுத்துக்கொண்டன. அதனால் ஓபரா சரத்தின் தொடக்கத்தில் 9.80 என்றே எழுதித் தப்பியது. 2019இல் ஐபேட்ஓஎஸ் 13 முதல் ஐபேட் சஃபாரி தன்னை மேக் கணினி என்றே அறிமுகம் செய்துகொள்கிறது. ஐஃபோனில் குரோம் என்ற பெயரோடு ஓடுவதற்கும் உள்ளே இருப்பது சஃபாரியின் எஞ்சினான வெப்கிட்தான். பெயரை நம்பி எழுதிய ஒவ்வொரு வரியும் அடுத்த பதிப்பில் யாரையாவது தவறான கூட்டத்தில் சேர்த்துவிடும்.

அடுத்தது, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் செய்யும் தந்திரங்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, அகலத்துக்குள்ளேயே பேடிங்கையும் (உள் இடைவெளி) பார்டரையும் (விளிம்புக் கோடு) அடக்கிக் கணக்கிட்டது. அதன் சிஎஸ்எஸ் படிப்பானில் இருந்த ஓட்டையையே பயன்படுத்தி டான்டெக் செலிக் என்பவர் எழுதிய பாக்ஸ் மாடல் ஹேக் என்ற தந்திரம் அந்தக் காலத்தில் பெரிய உதவி. (அதே கணக்கைத்தான் இன்று பார்டர்-பாக்ஸ் என்று எல்லோரும் முதல் வரியிலேயே கேட்டு வாங்குகிறோம். அளவீடாக அது நல்ல யோசனையே. ஒருவர் மட்டும் அப்படி அளந்ததுதான் வினை.) தந்திரங்களிலும் தரம் உண்டு. மைக்ரோசாஃப்டே கொடுத்த நிபந்தனைக் குறிப்புகளை (எக்ஸ்புளோரர் மட்டுமே படிக்கும் வரிகள்) நான் மதிக்கிறேன். பழைய உலாவிக்கான சிஎஸ்எஸ் தனிக் கோப்பில் இருக்கும், வேண்டாதபோது கோப்பையே அழித்துவிடலாம். எக்ஸ்புளோரர் 10இல் அந்த வசதி நின்றபோது பெரிய சேதம் வராததற்கு அந்தப் பிரிவே காரணம். இன்று, ஆப்பிள் மொபைலுக்கே உரிய வெப்கிட்-டச்-கால்அவுட் என்ற சிஎஸ்எஸ் பண்பு தெரியுமா என்று கேட்டு ஐஃபோனைப் பிடிக்கிறார்கள். திறனைக் கேட்பது போலத் தோன்றினாலும் அது பெயரைக் கேட்பதேதான். நாளை வேறோர் உலாவி அந்தப் பண்பை ஏற்றுக்கொண்டால், ஐஃபோனுக்கு வைத்த உயரம் அதற்கும் போய்ச் சேரும்.

மூன்றாவது, ஜாவாஸ்கிரிப்டால் சாளர உயரத்தை அளந்து ஒரு சிஎஸ்எஸ் மாறியில் போடுவது. வேலை செய்யும். பல ஆண்டுகள் வேறு வழியும் இல்லை. ஆனால் ஸ்கிரிப்ட் ஓடும் வரை பக்கம் தவறான உயரத்தில் நிற்கும், பட்டை அசையும் போதெல்லாம் தளவமைப்பு துள்ளும். சஃபாரி தவிர்க்க நினைத்த குலுக்கலை நாமே திரும்பக் கொண்டுவருகிறோம்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது, பார்க்க எளிமையாக இருக்கும் இரண்டே வரிகளை. முதல் வரியில் 100விஎச், அடுத்த வரியில் 100எஸ்விஎச். புரியாத மதிப்பை உலாவி சத்தமின்றித் தாண்டிவிட வேண்டும் என்பது சிஎஸ்எஸ்ஸின் அடிப்படை விதி. பழையது முதல் வரியோடு நிற்கும், புதியது இரண்டாவதை எடுத்துக்கொள்ளும். யாரும் யாருடைய பெயரையும் கேட்கவில்லை. 2022இல் சஃபாரி 15.4, ஃபயர்பாக்ஸ் 101, குரோம் 108 என்று மூன்றிலும் இந்தப் புது அலகுகள் வந்துவிட்டன. டிவிஎச் பட்டையோடு சேர்ந்து மாறும், எஸ்விஎச் பட்டை விரிந்த நிலையிலுள்ள சிறிய உயரத்தில் நிலையாக நிற்கும். அடியில் பொத்தான் இருந்தால் எஸ்விஎச்தான் என் தேர்வு.

இந்த இரண்டு வரி வழி எல்லா இடத்திலும் செல்லாது. ஃப்ளெக்ஸ்பாக்ஸில் (பெட்டிகளை வரிசையாக அடுக்கும் சிஎஸ்எஸ் முறை) கேப் (பெட்டிகளுக்கிடையே இடைவெளி) கொடுக்கும் சிக்கல் நல்ல உதாரணம். ஃபயர்பாக்ஸில் 2018, குரோமில் 2020, சஃபாரியில் 2021 ஏப்ரல் என்று அது தள்ளித் தள்ளி வந்தது. மார்ஜினை (வெளி இடைவெளி) முதலில் எழுதிக் கேப்பை அடுத்து எழுதினால், புதிய உலாவி இரண்டையும் கூட்டி இடைவெளியை இரட்டிப்பாக்கும். சரி, சப்போர்ட்ஸ் விதியால் திறனையே கேட்டுவிடலாம் என்றால், அதுவும் ஏமாற்றியது. கேப் தெரியுமா என்றதற்குப் பழைய சஃபாரி “தெரியும்” என்றது. கிரிட் என்ற கட்ட அமைப்பில் அதற்குத் தெரியும்தானே! ஒரு பண்பையும் மதிப்பையும் உலாவி ஏற்குமா என்பதை மட்டுமே அந்த விதி சொல்லும். எந்த இடத்தில் அது உண்மையில் வேலை செய்யும் என்று சொல்லாது. அந்த இரண்டரை ஆண்டு இடைவெளியில் எதிர்மறை மார்ஜின்தான் சரியான வழி, அதுவும் எல்லா உலாவிக்கும் ஒரே மாதிரி. இன்று நேராகக் கேப் எழுதலாம்.

தமிழ்த் தளம் கட்டுபவர்களுக்கு இதில் தனியாக ஒரு கவலை உண்டு. ஒருமுறை “சந்தாதாரராகுங்கள்” என்ற பொத்தான் என் கணினியில் அடங்கி, ஆண்ட்ராய்டில் பெட்டியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. குரோமின் பிழை என்று இரண்டு நாள் தேடினேன். இரண்டிலும் ஓடியது ஒரே குரோம் எஞ்சின். மாறியது எழுத்துரு. விண்டோஸில் நிர்மலா யுஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்என். மூன்றுக்கும் அகலமும் வரி உயரமும் வேறு வேறு. கூடவே, ஃப்ளெக்ஸ் பெட்டிக்குள் இருப்பது தன் நீளமான சொல்லைவிடச் சுருங்காது என்பது தரநிலையிலேயே உள்ள விதி. ஆங்கிலத்தில் இது அவ்வளவாக வெளியே தெரியாது, நம் கூட்டுச் சொற்களில் உடனே தெரிந்துவிடும்.

இதற்கு, மேலே சொன்ன எந்த வைத்தியமும் உதவாது. குறைந்தபட்ச அகலத்தைச் சுழியமாக்கி, சொல்லை எங்கும் மடிக்க அனுமதித்து, பொத்தானின் நிலையான உயரத்தை எடுத்துவிட்டேன். தளத்துக்கென்று ஒரே வெப் எழுத்துருவையும் ஏற்றினேன். இப்போதெல்லாம் யாராவது “வேற பிரௌசர்ல உடையுது” என்று படம் அனுப்பினால், உலாவியின் பெயருக்கு முன்னால் அந்தப் படத்தில் ‘ழ’ எப்படி வளைந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.