181 அழைப்பும் சகி மையமும்: எது கைகொடுக்கும், எதைக் கேட்டு வாங்க வேண்டும்

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், வக்கீல், தங்க ஓர் இடம், மனம்விட்டுப் பேச ஓர் ஆள் என்று ஐந்து வாசல் ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அந்த அலைச்சலை ஒழிக்க வந்ததுதான் ‘சகி’ (தோழி) என்கிற ஒருங்கிணைந்த சேவை மையம். 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி உஷா மெஹ்ரா ஆணையம் இப்படியொரு மையம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2015 ஏப்ரல் 1 முதல் நிர்பயா நிதியில் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையின் கீழ் இயங்குகிறது. கட்டணம் எதுவும் இல்லை.

ஏற்பாடு நல்லது. ஆனால் என்னென்ன கேட்கலாம் என்று தெரிந்துகொண்டு போகிறவருக்கே முழுப் பயனும் கிடைக்கிறது. அதற்காகவே இந்த மதிப்பீடு.

உள்ளே போகும் வழி எளிது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், நேராகவும் போகலாம், ஸ்டேஷனோ ஆஸ்பத்திரியோ அனுப்பியும் வரலாம். புகார் கொடுத்தால்தான் உதவி என்ற நிபந்தனை இல்லை. இந்தச் சேவையின் மிகப் பெரிய பலம் இதுதான். 181-இல் முதலில் சொல்ல வேண்டியவை: இப்போது எங்கே இருக்கிறீர்கள், அந்த இடம் பாதுகாப்பானதா, இதே எண்ணுக்குத் திரும்ப அழைக்கலாமா, சம்பவம் நடந்து எத்தனை மணி நேரம் ஆகிறது, இரத்தப்போக்கோ காயமோ உண்டா. மற்ற விவரங்கள் பிறகு. ஆபத்து அந்த நொடியிலேயே இருந்தால் 112-ஐ அழையுங்கள். 181 வழிகாட்டி இணைத்துவிடும் எண்ணே தவிர, வண்டியோடு பாய்ந்து வரும் எண் அல்ல. பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் 1098.

பதினெட்டு வயதுக்குக் குறைந்த பெண்ணிடம் மையத்தில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி விஷயம் தெரிந்தவர் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். “யாரிடமும் சொல்ல மாட்டேன்மா, சொல்லு” என்று கேட்டு வாங்கிவிட்டு அன்று மாலையே போலீஸுக்குத் தகவல் போனால், அந்தப் பெண் அடுத்து எவரையும் நம்ப மாட்டாள். “நீ சொன்னால் நான் போலீஸிடம் சொல்லியாக வேண்டும், ஆனால் உன்கூடவே இருப்பேன்” என்பதைப் பேச்சு தொடங்கும் முன்பே சொல்கிற பணியாளரே நல்ல பணியாளர்.

மையத்துக்குள் போனதும் வரிசை முக்கியம்: முதலில் மருத்துவம், பிறகு வழக்கு. இந்த வரிசை தலைகீழாகும்போது இழப்பதைத் திரும்பப் பெற முடியாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் இன்னும் நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். குமட்டல் தாங்காமல் ஒரு வாரத்தில் நிறுத்துவது அடிக்கடி நடக்கிறது, நிறுத்தாமல் ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) சொன்னால் அதற்கும் மாத்திரை தருவார்கள். அவசரக் கருத்தடைக்கு லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே வேளை. 72 மணி நேரத்துக்குள் நல்ல பலன், 120 மணி நேரம் வரை கொடுக்கலாம், தள்ளத் தள்ளப் பலன் குறையும். விழுங்கி 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒரு வேளை கேட்டு வாங்குங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, காயம் இருந்தால் டி.டி. ஊசி, பால்வினை நோய்த்தொற்றைத் தடுக்கும் மருந்து ஆகியவற்றையும் தரச் சொல்லுங்கள். ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு பகல் கழிந்தால் இத்தனைக்கும் அடி விழுகிறது.

தடயம் எடுப்பதற்கு மத்திய சுகாதாரத் துறையின் 2014 வழிகாட்டுதல் 96 மணி நேரம் வரை இடம் தருகிறது. குளிக்காமல், உடுப்பு மாற்றாமல் போவது நல்லது. குளித்துவிட்டாலும் போகத்தான் வேண்டும். அதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினால் அது தவறு. மாற்றிய உடுப்பைத் துவைக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றுங்கள், உள்ளாடை உட்பட. பாலித்தீன் கவர் கூடாது: ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெட்டுவிடும். இது தெரியாமல் துணிக்கடைப் பையில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பவர்களே அதிகம்.

பரிசோதனையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் சம்மதம் கேட்க வேண்டும். 12 வயதும் அதற்கு மேலும் ஆனவரின் சொந்தச் சம்மதம், அதற்குக் கீழே பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம். ஒரு கட்டத்தை மறுத்தாலும் சிகிச்சையை மறுக்க முடியாது. பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனையைத் தடை செய்யும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அதைச் செய்பவர் நடத்தை விதியை மீறிய குற்றத்துக்கு ஆளாவார் என்றது. எவராவது செய்ய முனைந்தால் அங்கேயே மறுக்கலாம். உடம்பில் காயம் இல்லை என்பதால் சம்பவம் நடக்கவில்லை என்று ஆகாது. அறிக்கையில் மருத்துவர் அப்படி ஒரு முடிவை எழுதக் கூடாது. தனியார் ஆஸ்பத்திரிகளில் “போலீஸ் கேஸ், ஜி.எச். போங்க” என்ற பதில் இன்னும் வருகிறது. பி.என்.எஸ்.எஸ். (குற்ற நடைமுறைச் சட்டம்) 397-ஆம் பிரிவு அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் இலவசமாக உடனே சிகிச்சை தரச் சொல்கிறது, மறுத்தால் பி.என்.எஸ். (குற்றத் தண்டனைச் சட்டம்) 200-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. ஆஸ்பத்திரி காவல் துறைக்குத் தகவல் சொல்லும். வயது வந்த பெண் அதனால் வழக்குப் போட்டே தீர வேண்டும் என்பதில்லை. விருப்பமில்லை என்பதைப் பதிவு செய்யச் சொல்லலாம்.

அடுத்தது ஸ்டேஷன். சகி மையம் தன் பெயருக்கு நியாயம் செய்கிறதா என்பது இங்கேதான் தெரியும். மையத்தின் வழக்குப் பணியாளர் கூடவே வருகிறாரா, அல்லது முகவரி எழுதிக் கொடுத்து அனுப்புகிறாரா? அனுப்பினால் “நீங்களும் வாங்க மேடம்” என்று கேளுங்கள். அது அவருடைய வேலை. ஸ்டேஷனில் வழக்கமான சறுக்கல் சி.எஸ்.ஆர். ரசீது. மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. எஃப்.ஐ.ஆர். அல்ல, வழக்கும் அல்ல. ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வழக்கு நடக்கிறது என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கையோடு வாங்குங்கள். “எங்கள் எல்லை இல்லை” என்ற பதிலும் செல்லாது. எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு மாற்ற வேண்டும். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி எழுத வேண்டும். மாற்றுத்திறனாளி என்றால் அவர் வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ, தேவைப்பட்டால் சிறப்புக் கல்வியாளரோ மொழிபெயர்ப்பாளரோ உடனிருக்க. குழந்தையிடம் போலீஸ் சீருடையில் பேசக் கூடாது. பதிவு செய்ய மறுத்தால் மனுவைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம், மறுத்த அதிகாரிக்கு பி.என்.எஸ். 199-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு.

பெயர் வெளியாவது பற்றிய பயம் வீண் பயம் இல்லை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது, அவருக்கு 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் பி.என்.எஸ். 72-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. மையத்தின் பதிவேடு எங்கே வைக்கப்படுகிறது, யார் பார்க்கலாம் என்று கேட்பது உங்கள் உரிமை.

மனநல ஆலோசனை இந்தச் சேவையின் பலவீனமான பகுதி. மையங்களுக்கு வருவதில் பெரும்பங்கு குடும்ப வன்முறை என்பதால், ‘பேசிச் சேர்த்து வைக்கிற’ பழக்கம் ஆலோசகரின் நாக்கில் ஊறிவிடுகிறது. பாலியல் வன்முறையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இத்தகைய வழக்குகளில் திருமணம், சமரசம் என்ற யோசனையை நீதிமன்றங்களே முன்வைக்கக் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. “இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசலாமே” என்று மையத்தில் யாராவது தொடங்கினால், வேறு ஆலோசகர் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மாவட்ட சமூகநல அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள்.

தங்கும் வசதி 5 நாள். சிறு பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ளலாம். மகன் என்றால் 12 வயது வரை. குற்றம் செய்தவன் அதே வீட்டிலோ அதே தெருவிலோ இருக்கும்போது ஐந்து நாள் எதற்கும் காணாது. ஆறாம் நாள் காலையில் பையோடு நிற்கும் நிலை வராமல் இருக்க, நீண்ட நாள் தங்கும் சக்தி சதனுக்கான ஏற்பாட்டை இரண்டாம் நாளே தொடங்கச் சொல்ல வேண்டும். மையம் தானாகச் செய்யும் என்று இருந்துவிடாதீர்கள்.

இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு. தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2018 திட்டத்தில் பாலியல் வல்லுறவுக்கு 4 முதல் 7 இலட்சம், கூட்டு வல்லுறவுக்கு 5 முதல் 10 இலட்சம். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், இடைக்கால நிவாரணம் கேட்கலாம். வங்கிக் கணக்கு அந்தப் பெண்ணின் பெயரிலேயே இருக்கட்டும். கணவர் கணக்கு, அண்ணன் கணக்கு என்று எழுதிக் கொடுத்த பிறகு மாற்றுவது பெரும்பாடு. சட்ட ஆலோசனைக்கு 15100 என்ற எண்ணும் உண்டு.

மையத்தை விட்டுக் கிளம்பும்போது கையில் இருக்க வேண்டியவை: ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியும் பரிசோதனை அறிக்கை நகலும், எஃப்.ஐ.ஆர். நகல், வழக்குப் பணியாளரின் பெயரும் எண்ணும், அடுத்த ஹெபடைட்டிஸ் ஊசிக்கும் எச்.ஐ.வி. மறுபரிசோதனைக்குமான தேதிகள், மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் கொடுக்க வேண்டிய நாள், அன்று யார் கூட வருவார் என்பது. குழந்தை வழக்கு என்றால் விசாரணை முடியும்வரை கூட இருக்க வேண்டிய ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமித்துவிட்டதா என்றும் கேளுங்கள். நியமனம் ஆகாமல் சாட்சிக் கூண்டு வரை போன குழந்தைக்கு, அன்று காலையில் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்து ஈடுகட்ட முடியாது.