மிளகாய்க் காட்டு மண்ணும் படகுத்துறைச் சேறும்: எந்தச் சோதனை எதற்கு?

ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் ஊரில் விசைப்படகுகள் நிற்கும் இடத்தில் ஒரு பிடி சேறு அள்ளினால் விரலில் டீசல் பிசுக்கு ஒட்டும். அழுகிய முட்டை நாற்றமும் அடிக்கும். ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து முண்டு மிளகாய்க் காட்டு மண்ணில் அந்தத் தொல்லை கிடையாது. அங்கே தேட வேண்டியது பூச்சிமருந்தின் எச்சம். இரண்டையும் ஒரே முறையில் சோதிப்பது வீண்வேலை.

எந்தச் சோதனையிலும் முதல் வேலை, மண்ணில் ஒட்டிய நச்சைக் கரைப்பான் என்ற திரவத்தில் கரைத்துப் பிரித்தெடுப்பது. அதற்கான பழைய முறை சாக்ஸ்லெட். 1879இல் பாலின் கொழுப்பை அளக்கப் பிறந்த கண்ணாடிக் கருவி. 10 கிராம் மண்ணுக்குச் சுமார் 300 மில்லி கரைப்பான், 16 முதல் 24 மணி நேரக் கொதிப்பு. முடிவு நம்பகமானது; மறுக்கவில்லை. ஆனால் ஆவியைக் குளிர்விக்க இரவெல்லாம் குழாய் நீர் ஓடிச் சாக்கடைக்குப் போகும். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் தண்ணீருக்கு அலையும் மாவட்டத்தில் அதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

அழுத்த முறையில் மண்ணை எஃகுக் குப்பியில் அடைத்து, 100 டிகிரி வெப்பத்தில், வளிமண்டலத்தைப் போல் நூறு மடங்கு அழுத்தத்தில் கரைப்பானைச் செலுத்துகிறார்கள். கொதிநிலையைத் தாண்டியும் அது திரவமாகவே நின்று களிமண்ணுக்குள் ஊடுருவும். கால் மணி நேரம், முப்பது மில்லி அளவு போதும். கருவியின் விலைதான் மலைக்க வைக்கிறது. மூடிய கலனில் வைத்து மைக்ரோவேவ் கதிரால் சூடாக்கும் முறையும் ஏறக்குறைய இதே சிக்கனம்தான். கலன் ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

2003இல் காய்கனிகளில் பூச்சிமருந்து எச்சம் பார்ப்பதற்காக வந்த கேட்சர்ஸ் முறைதான் எனக்குப் பிடித்தது. 10 கிராம் மண், கொஞ்சம் தண்ணீர், 10 மில்லி அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான்; பிறகு மெக்னீசியம் சல்பேட்டும் சோற்றுப்பும். குலுக்கும்போதே குழாய் உள்ளங்கையில் சுடும். உப்புகள் நீரைப் பிடித்துக்கொள்ள, கரைப்பான் தனியே மேலே மிதக்கும். ஒரே பிற்பகலில் பல வயல்களின் மண்ணைப் பார்த்துவிடலாம்.

ஆனால் கருவேலங்கரி மூட்டம் போட்ட இடத்திலும் எண்ணெய் ஊறிய சேற்றிலும் இது ஏமாற்றிவிடும். கரித்துகள் பிடித்து வைத்திருக்கும் நச்சை வெறும் குலுக்கலால் முழுதும் பிரிக்க முடியாது. அங்கே அழுத்த முறைதான் வேண்டும். சேற்றின் கந்தகம் அளவீட்டைக் குழப்பும் என்பதால், வடித்த சாற்றில் தூய்மையாக்கிய செம்புத்தூளைப் போட வேண்டும்; செம்பு கறுத்தால் கந்தகம் சிக்கிவிட்டது என்று பொருள். கறுப்பது நிற்கும்வரை புதுத்தூள் சேர்க்க வேண்டும்.

எந்த முறையானாலும் மண்ணைப் பிளாஸ்டிக் டப்பாவில் எடுக்காதீர்கள். அதன் ரசாயனமே மாதிரியில் கலந்துவிடும். கண்ணாடிப் புட்டியில் மூடி, வெளிச்சம் படாமல், மீனுக்குப் போடும் ஐஸில் புதைத்துக் கொண்டுபோங்கள்.