எஸ்விஜி என்று விற்கும் ஐகான் தீம்கள்: பணம் கட்டும் முன் கோப்பைத் திறந்து பாருங்கள்

"முழுக்க வெக்டர், எந்த அளவிலும் கூர்மை" என்ற விளம்பரத்தை நம்பி, லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு ஐகான் தீம் வாங்கி ஏமாந்தோம். வெக்டர் என்றால் பிக்சல் புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாகவும் வடிவங்களாகவும் விவரித்த படம்; எஸ்விஜி அதற்கான கோப்பு வகை. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. கோப்புகள் எஸ்விஜி என்றுதானே முடிகின்றன என்கிறார். முடிவது எஸ்விஜிதான், உள்ளே இருப்பது பிக்சல்களால் ஆன பிஎன்ஜி படம்.

ஒரு ஐகானை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தாலே குட்டு வெளிப்படும். உண்மையான வெக்டரில் பாத், சர்க்கிள், ரெக்ட் போன்ற குறிகள் இருக்கும். போலியில் ஒரே ஒரு இமேஜ் குறி, அதற்குள் பேஸ்64 (படத்தை எழுத்துகளாக மாற்றி எழுதும் முறை) என்ற சொல்லை அடுத்துப் பக்கம் பக்கமாக ஓடும் எழுத்துக் குவியல். பேஸ்64 ஆக்கும்போது படத்தின் கோப்பு அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆகவே சில கேபியில் முடிய வேண்டிய ஐகான் நூறு கேபியைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். கோப்புறை முழுவதையும் கிரெப் (கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும்) கட்டளையால் 'base64' என்று தேடி அலசினால் போலிகள் வரிசையாக வந்து நிற்கும்.

உள்ளே 64 பிக்சல் படம் இருந்தால், 48 பிக்சல் அளவு ஐகானைத் திரையின் 200% பெரிதாக்க அமைப்பில் 96 பிக்சலுக்கு இழுக்கும்போதே மங்கிவிடும். தீமின் விவரங்களைச் சொல்லும் இண்டெக்ஸ் கோப்பில் 'ஸ்கேலபிள்' (எந்த அளவுக்கும் பொருந்தும்) என்று இருப்பதை நம்பாதீர்கள். அதை யாரும் சரிபார்ப்பதில்லை.

திரை ஓரத்தில் இருக்கும் பட்டையான பேனலில்தான் அடி பலமாக விழும். 'சிம்பாலிக்' என்று பெயர் முடியும் ஐகான்களின் நிரப்பு நிறத்தை, எழுத்தின் நிறத்துக்கு ஏற்ப, க்னோம் போன்ற டெஸ்க்டாப்புகளின் இடைமுக நூலகமான ஜிடிகே மாற்றும். பதித்த படத்துக்கு நிரப்பு நிறமே கிடையாது. டார்க் தீமுக்கு மாறினால் கறுப்புப் பேனலில் கறுப்பு வைஃபை ஐகான்; கண்ணுக்கே தெரியாது.

உண்மையான வெக்டரிலும் குறை வரும். கேடிஇ டெஸ்க்டாப் பயன்படுத்தும் இடைமுக நூலகமான க்யூட்டியின் எஸ்விஜி பகுதி, எஸ்விஜியின் சுருக்கப்பட்ட வடிவமான எஸ்விஜி டைனி 1.2-ஐ ஒட்டி எழுதப்பட்டது; 6.7-க்கு முந்தைய பதிப்புகள் நிழல், மங்கல் போன்ற ஃபில்டர்களை வரையாது. பிரவுசரில் எடுத்த மாதிரிப் படத்தில் அழகாகத் தெரிந்த நிழலும் மங்கலும் கேடிஇயில் காணாமல் போவது இதனால்தான். கேடிஇயின் டெஸ்க்டாப்பான பிளாஸ்மாவுக்குரிய தீமில் இன்னொரு சிக்கல்: பேனல் பின்னணி ஒன்பது துண்டுகளால் ஆனது, ஒவ்வொன்றையும் எஸ்விஜி கோப்பில் அதற்கு இட்ட பெயரான ஐடியை வைத்தே பிளாஸ்மா தேடும். அளவைக் குறைக்கிறேன் என்று சுருக்கும் கருவியில் போட்டு ஐடிகளை அழித்துவிட்டால் ஓரங்கள் சிதையும். விற்பவர் இதைச் சோதிக்காமல் அனுப்புவது அப்பட்டமான அலட்சியம்.

"ஆயிரக்கணக்கில் ஐகான்கள்" என்ற எண்ணிக்கையையும் அப்படியே ஏற்காதீர்கள். பெரும்பகுதி, வேறொரு கோப்பைச் சுட்டிக்காட்டும் குறுக்குவழியான சிம்லிங்க்காக இருக்கலாம். சிம்லிங்க் வைப்பது தேவையான வழக்கம்தான். அதைத் தனி ஐகானாகக் கணக்குக் காட்டுவது மோசடி.

ஐகான் தீமை நிறுவ, ஹோமில் உள்ள ஐகான்ஸ் கோப்புறையில் பிரித்துப் போட்டால் போதும். சூடோ, அதாவது நிர்வாகி அனுமதி கேட்கும் ஸ்கிரிப்டை ஓட்டாதீர்கள். சூடோ இல்லாவிட்டாலும் தீமோடு வரும் ஸ்கிரிப்ட் ஆபத்தானது: 2024 மார்ச்சில் கேடிஇ குளோபல் தீம் (டெஸ்க்டாப்பின் முழுத் தோற்றத்தையும் மாற்றும் தொகுப்பு) ஒன்றை நிறுவிய பயனர் தன் கோப்புகளையே இழந்தார்.

வாங்கும் முன் மூன்று கோப்புகளை மாதிரிக்குக் கேளுங்கள்: ஒரு செயலி ஐகான், ஒரு சிம்பாலிக் ஐகான், பிளாஸ்மா தீம் என்றால் பேனல் பின்னணி. தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.