கார் பாஸ்: கதவா, சீட்டடி ஊஃபரா, டிக்கிப் பெட்டியா?

ஸ்விஃப்ட் அளவுள்ள ஹேட்ச்பேக்கில் சொந்தமாக ஸ்டீரியோவும் 6.5 இஞ்ச் ஸ்பீக்கரும் மாட்டியவர்களுக்கு வரும் முதல் குறை, பாட்டு தெளிவாக இருக்கிறது, அடி இல்லை, அதாவது பாஸ் (தாழ்ந்த ஒலி) இல்லை என்பதுதான். தவில் காதில் விழுகிறது, நெஞ்சில் விழவில்லை. குறைந்த செலவில் இதைச் சரிசெய்ய நான்கு வழிகள் உண்டு: முன்கதவைச் சீர்செய்வது, சீட்டுக்கு அடியில் 8 இஞ்ச் ஆக்டிவ் ஊஃபர் (உள்ளேயே ஆம்ப் கொண்ட, தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்), டிக்கியில் காற்றுப் புகாமல் மூடிய சீல்டு பெட்டி, அதே டிக்கியில் காற்றுத் துளை உள்ள போர்ட்டட் பெட்டி அல்லது குழாய் வடிவ பாஸ் டியூப். நான்கும் பாஸ் தரும் என்று கடையில் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொன்றும் தருவது வேறு வேறு பாஸ்.

காசை எடுக்கும் முன் ஒரு சோதனை. ஃபேடரை முழுக்க முன்பக்கம் தள்ளி, பேலன்ஸை இடம் மட்டும், வலம் மட்டும், பிறகு நடுவில் என்று வைத்துக் கேளுங்கள். நடுவில் வைக்கும்போது பாஸ் குறைந்தால் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு கோன் (ஸ்பீக்கரில் அசையும் கூம்பு) வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுக்கும். தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உறுதிசெய்ய, கப்ளரை (ஒயர் இணைப்பை) கழற்றி, ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரில் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கோன் வெளியே நகர வேண்டும். "ஊஃபர் போட்டே ஆகணும்" என்று நினைத்த பல கார்களில் கோளாறு இங்கேதான்.

கதவு

நான்கில் மலிவானது இது, பலர் தாண்டிப்போவதும் இதைத்தான். ஸ்பீக்கர் கோன் முன்னால் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறதோ அதே அளவு பின்னாலும் தள்ளுகிறது. கம்பெனிக் கதவின் உள்தகட்டில் கையளவு ஓட்டைகள் இருக்கும், மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான். பின்பக்க ஒலி அந்த ஓட்டைகள் வழியே வெளியே வந்து முன்பக்க ஒலியைத் தின்றுவிடுகிறது. எத்தனை விலையுள்ள ஸ்பீக்கர் போட்டாலும் இந்த ஓட்டையை அடைக்காதவரை பாஸ் வராது.

2 மில்லிமீட்டர் பியூட்டைல் டேம்பிங் ஷீட், ஒரு கதவுக்கு அரை முதல் முக்கால் சதுர மீட்டர் போதும். தகட்டை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, வெளித்தகட்டின் உள்பக்கம் 30 முதல் 40 சதவீதம் ஒட்டி, ரோலரால் அழுத்துங்கள். முழுக்க மூடத் தேவையில்லை. ஸ்பீக்கருக்கு நேர் பின்னாலும் தகட்டின் நடுவிலும் இருந்தால் அதிர்வு அடங்கிவிடும். பெரிய ஓட்டைகளுக்கு வெறும் ஷீட் போதாது. அலுமினியத் தகடு வெட்டி ஸ்க்ரூ செய்து, அதன்மேல் ஷீட் ஒட்டுங்கள். ஒட்டும்போது கண்ணாடியை முழுக்க இறக்கிப் பாருங்கள், லாக் கம்பி உரசுகிறதா என்றும் பாருங்கள். கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளையை மட்டும் அடைக்கவே கூடாது. மழைநீர் கண்ணாடி வழியே உள்ளே இறங்கத்தான் செய்யும். வழி இல்லையென்றால் தேங்கித் துருப்பிடிக்கும்.

விலை குறைவு என்று மொட்டைமாடிக்கு ஒட்டும் தார் ஷீட்டை வாங்காதீர்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் அது இளகி நாறும், வழியும். ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் ரிங்கும் அப்படித்தான்: எம்.டி.எஃப். ரிங் ஈரத்தில் ஊதிவிடும், வார்னிஷ் அடிக்காமல் போடக் கூடாது. கெட்டியான பிளாஸ்டிக் ரிங்கும், சுற்றிலும் ஃபோம் டேப்பும் இதைவிட நல்லது.

இதில் கிடைப்பது 70, 80 ஹெர்ட்ஸுக்கு மேலான அடி. டிரம்மின் தட்டல் இறுகும், குரலுக்கு உடல் வரும். 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே 6.5 இஞ்ச் கோனால் முடியாது. அங்கே ஊஃபர்தான் வழி. ஆனாலும் ஊஃபர் வாங்குவதாக இருந்தாலும் கதவை முதலில் முடியுங்கள். கதவு பலவீனமாக இருந்தால் ஊஃபரை 120 ஹெர்ட்ஸ் வரை ஏற்ற வேண்டிவரும், அப்போது பாஸ் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவது அப்பட்டமாகத் தெரியும்.

சீட்டடி ஊஃபர்

மெல்லிய அலுமினியப் பெட்டி, 8 இஞ்ச் கோன், உள்ளேயே ஆம்ப். உயரம் 7, 8 சென்டிமீட்டர்தான். அதுவே அதன் எல்லையும்: கோன் முன்பின் நகர இடம் குறைவு, பெட்டிக்குள் காற்றும் குறைவு. அட்டையில் 150 வாட் என்று போட்டிருந்தால் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும் உண்மையான வாட்) ஏறக்குறைய பாதி. 45 ஹெர்ட்ஸ் வரை நன்றாக நிரப்பும், அதற்குக் கீழே மூச்சு வாங்கும். ஆனால் உடலுக்கு அருகில் இருப்பதால் மிதமான வால்யூமில் டிக்கி ஊஃபரைவிட முன்பக்க ஒலியோடு நன்றாகக் கலக்கும்.

வாங்கும் முன் சீட்டை முழுக்க முன்னும் பின்னும் தள்ளி, ஒருவரை உட்காரவைத்து, அடியில் உள்ள இடத்தை அளக்கவும். சில கார்களில் பின்சீட்டுக்குப் போகும் ஏசி டக்ட் அங்கே இருக்கும். பவரை சிகரெட் லைட்டர் ஒயரிலிருந்தோ ஸ்டீரியோவின் மஞ்சள் ஒயரிலிருந்தோ எடுக்காதீர்கள். பேட்டரியிலிருந்து தனி ஒயர், ஊஃபர் கையேட்டில் சொன்ன ஃபியூஸ். கம்பெனி ஸ்டீரியோவில் ஆர்.சி.ஏ. (ஆம்புக்கு ஒலி அனுப்பும் தனி வெளியீடு) இல்லையென்றால் இவற்றில் பெரும்பாலும் ஸ்பீக்கர் ஒயரையே நேராக வாங்கும் ஹை லெவல் இன்புட் இருக்கும். டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான்.

சீல்டா, போர்ட்டடா

டிக்கியில் இடம் தர மனமிருந்தால் கேள்வி இதுவாகிறது. கடைக்காரர் போர்ட்டட் பெட்டியைத் தள்ளுவார், ஏனென்றால் கடை வாசலில் அது சத்தமாகக் கேட்கும். ட்யூன் செய்த அதிர்வெண்ணை (துளையின் அளவால் தீர்மானமாகும் அதிர்வெண்ணை) சுற்றி அதே வாட்டில் சீல்டைவிட உரக்கப் பாடும் என்பது உண்மை. ஆனால் சின்ன காருக்கு ஒரு கணக்கு உண்டு. மூடிய காருக்குள், உள்நீளம் அரை அலைநீளத்துக்கும் குறைவாகிவிடும் அதிர்வெண்ணிலிருந்து தாழ்ந்த ஒலி தானாகவே ஏறத் தொடங்கும். உள்நீளம் 2.5 மீட்டர் என்றால் அது ஏறக்குறைய 68 ஹெர்ட்ஸ். கோட்பாட்டில் இந்த ஏற்றம் ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபெல். கதவுக் கசிவால் நடைமுறையில் குறையும். சீல்டு பெட்டியின் ஒலி கீழே இறங்குவதும் ஆக்டேவுக்கு 12 டெசிபெல் வேகத்தில்தான். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, 30 ஹெர்ட்ஸ் வரை சமமான பாஸ் கிடைக்கிறது. போர்ட்டட் பெட்டி ட்யூனிங்குக்குக் கீழே 24 டெசிபெல் வேகத்தில் விழும், அதைக் காரும் முழுசாகத் தூக்கிவிடாது.

இன்னொரு ஆபத்து: ட்யூனிங்குக்குக் கீழே போர்ட்டட் பெட்டியில் கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று இல்லை. 35 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்த பெட்டியில் 25 ஹெர்ட்ஸ் ஓடினால் கோன் கட்டற்று ஆடி, வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) அடிவாங்கும். 30 ஹெர்ட்ஸில் சப்சானிக் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது) வேண்டும். மலிவு ஆம்ப் பலவற்றில் அது இருப்பதில்லை. மலிவு பாஸ் டியூப்களோ உயரமாக ட்யூன் ஆனவை. எந்தப் பாட்டுக்கும் ஒரே "பூம்". பத்து நிமிடம் பிடிக்கும், திருச்சி போய்ச் சேர்வதற்குள் தலை வலிக்கும்.

அதனால் என் தேர்வு 12 இஞ்ச் ஊஃபரோடு சீல்டு பெட்டிதான். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப்.பில் வெளி அளவு 45 × 36 × 28 சென்டிமீட்டர் செய்தால் உள்ளே 32 லிட்டருக்குச் சற்று மேல் வரும். ஊஃபர் பிடிக்கும் இடம் போக 30 லிட்டர். 12 இஞ்ச் சீல்டுக்குப் பொதுவாக இது போதும், உங்கள் ஊஃபரின் தாளில் வேறு அளவு இருந்தால் அதையே எடுங்கள். போர்ட்டட் என்றால் 50 லிட்டர் வேண்டும், டிக்கியில் சாமான் வைக்க இடம் மிஞ்சாது. கெட்டியான சுருதியை விடச் சத்தமே முக்கியம், டிக்கியும் காலி, ஆம்பில் சப்சானிக் இருக்கிறது என்பவர்களுக்கு மட்டும் போர்ட்டட்.

ஒயரும் கெயினும்

300 வாட் ஆர்.எம்.எஸ். கிளாஸ் டி மோனோ ஆம்புக்கு 80 சதவீதத் திறன் வைத்தால் ஏறக்குறைய 27 ஆம்பியர். 8 கேஜ் (எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும்) சுத்தச் செம்பு ஒயர், 40 ஆம்பியர் ஃபியூஸ். மலிவு கிட்டில் வருவது செம்பு பூசிய அலுமினியம்; அதன் கடத்தும் திறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குதான், அது என்றால் 4 கேஜ் எடுங்கள். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அது காப்பது ஆம்பை அல்ல, ஒயரை. எர்த்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டில் போல்ட் போடுங்கள், அரை மீட்டருக்கு மேல் நீள வேண்டாம். பவர் ஒயர் ஒரு பக்கம், ஆர்.சி.ஏ. மறுபக்கம், சேர்த்து இழுத்தால் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஒரு "கீ" சத்தம் ஏறும்.

கெயின் (ஆம்பில் உள்ளே வரும் சிக்னலின் அளவை ஒத்துவைக்கும் திருகு) என்பது வால்யூம் அல்ல. ஊஃபரைக் கழற்றிவிட்டு, பாஸ் பூஸ்ட்டை அணைத்து, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து 50 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டுங்கள். 4 ஓமில் 300 வாட்டுக்கு, ஆம்பின் ஊஃபர் முனைகளில் வைத்த மல்டிமீட்டரில் 34.6 வோல்ட் (ஏசி) வரும் இடத்தில் கெயினை நிறுத்துங்கள். பூஸ்ட்டைப் பிறகும் தொடாதீர்கள்: 6 டெசிபெல் ஏற்றினால் அந்த இடத்தில் ஆம்ப் நான்கு மடங்கு வாட் தர வேண்டும், அது முடியாமல் அலையின் தலை வெட்டுப்படும், வாய்ஸ் காயில் கருகும். ஊஃபரின் லோ பாஸ் ஃபில்டர் (கீழுள்ள ஒலியை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ், கதவின் ஹை பாஸ் ஃபில்டரும் (மேலுள்ளதை மட்டும் விடுவது) 80. பிறகு ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றி, ஓட்டுநர் சீட்டில் எதில் பாஸ் அதிகமோ அதில் விடுங்கள்.

பெட்டியை டிக்கியில் சும்மா வைத்துவிடக் கூடாது. 15 கிலோவுக்கு மேல் எடையுள்ளது, பிரேக் அடிக்கும்போது பின்சீட்டை நோக்கி வரும். தரையில் ஸ்க்ரூ போடுமுன் காருக்கு அடியில் படுத்து பெட்ரோல் டேங்க்கும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று பாருங்கள். குழந்தை சீட்டுக்கான கொக்கி இருக்கும் கார்களில் அதிலேயே பட்டை கட்டி இழுத்துவிடலாம், ஒரு துளையும் போட வேண்டியதில்லை.