மெர்வா, பஞ்சிகெந்தா?

மத்திய ஆசியாவின் பாழடைந்த பட்டுப்பாதை ஊர்களில் ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் பலரும் மெர்வைத்தான் சொல்வார்கள். துர்க்மெனிஸ்தானில், காரகும் பாலைவனத்துக்குள் முர்காப் ஆறு பாய்ந்து தீரும் இடத்தில் இருக்கிறது. ஆற்றின் போக்கு மாற மாற ஊரும் நகர்ந்ததால், பழைய நகரம் புதியதற்கு அடியில் புதையாமல் பக்கத்திலேயே கிடக்கிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் எர்க் காலா என்ற கோட்டை, அதைச் சுற்றி கியாவுர் காலா என்ற நகரம், மேற்கே செல்ஜுக் என்ற துருக்கிய அரச மரபின் காலத்து சுல்தான் காலா. 1221இல் மங்கோலியர் அழித்த பிறகும் செல்ஜுக் மன்னர் சுல்தான் சஞ்சாரின் சமாதி நிற்கிறது. 1999 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உண்டு.

தஜிகிஸ்தானின் பஞ்சிகெந்த் மெர்வோடு ஒப்பிட்டால் சின்ன ஊர்தான். சமர்கந்துக்குக் கிழக்கே சுமார் 60 கி.மீ., ஜெராவ்ஷான் பள்ளத்தாக்கு, மலை, தண்ணீர், பசுமை. வாழ்ந்ததும் 5 முதல் 8ஆம் நூற்றாண்டு வரை மட்டுமே. அரேபியர்களை எதிர்த்த அதன் மன்னர் தேவாஷ்டிச் 722இல் கொல்லப்பட்டார். சில பத்தாண்டுகளில் ஊரும் காலியானது. அப்புறம் யாரும் மேலே பெரிதாகக் கட்டாததால் வீடுகள், தெருக்கள், சுவரோவியங்கள் எல்லாம் மிஞ்சின. ஒரு வீட்டுச் சுவரில் பாரசீகக் காவிய வீரன் ருஸ்தம் சண்டை போடுகிறான். இன்னொரு இடத்தில் நம் பஞ்சதந்திரத்துச் சிங்கமும் முயலும்! நல்ல ஓவியங்கள் பல ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது தான் வருத்தம்.

பிரம்மாண்டம் வேண்டுமா, மெர்வ். மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிய வேண்டுமா, பஞ்சிகெந்த். என் ஓட்டு பஞ்சிகெந்துக்கே. துர்க்மெனிஸ்தான் விசா வாங்கும் பாடும் மிச்சம்.