வாய்ஸ்ஓவரா, டாக்பேக்கா: பேச்சு நின்றால் எது மீட்டுத் தரும்?

இரவு பதினொன்றரை மணி. என்னிடம் ஐபோன் ஒன்று, ஆண்ட்ராய்டு ஒன்று என இரண்டு செல்பேசிகள். ஆண்ட்ராய்டு அப்டேட்டை முடித்துவிட்டுத் தானாக அணைந்து மறுபடி எழுந்தது. திரையில் விரலை வைத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம், மெல்லிய அதிர்வு, அவ்வளவுதான். பார்வையற்ற எனக்குத் திரையைப் படித்துச் சொல்லும் பேச்சே இல்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எண்பலகையில் மேல் வரிசை ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடங்கும் என்பது மட்டும் தெரியும். 'டக்' சத்தங்களை எண்ணிக்கொண்டே விரலை நகர்த்தி, ரகசிய எண்ணைத் தட்டத் தட்ட, நான்காம் முயற்சியில் பூட்டு திறந்தது. அடுத்த நொடி குரலும் வந்துவிட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அதற்குக் குரல் தர நான் தனியாகப் போட்டிருந்த குரல் ஆப்தான் எழவில்லை. செல்பேசி மறுபடி தொடங்கியதும், முதல்முறை பூட்டைத் திறக்கும்வரை பெரும்பாலான ஆப்களின் தரவு பூட்டியே இருக்கும். அந்த நிலையிலும் இயங்கும்படி எழுதப்படாத குரல் ஆப் என்றால், பூட்டுத் திரையில் ஊமைதான். அன்றிலிருந்து ஐபோனின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டின் டாக்பேக் இரண்டையும் ஒப்பிடும்போது வசதிகளை எண்ணுவதை விட்டுவிட்டேன். ஏதாவது கெட்டுப்போனால் யாரையும் எழுப்பாமல் நானே மீள முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. தொடுதிரை வருவதற்கு முன் நோக்கியா சிம்பியன் செல்பேசிகளில் டாக்ஸ், மொபைல் ஸ்பீக் போன்ற மென்பொருள்களைத் தனியாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். பொத்தான்கள் கைக்குத் தட்டுப்பட்டதால் காலம் ஓடியது. வழவழப்பான கண்ணாடி வந்ததும் இனி நமக்கு இதில் இடமில்லை என்று பலர் பயந்தார்கள். 2009-ல் ஐபோன் 3ஜிஎஸ் வாய்ஸ்ஓவரோடு வந்தது. தொட்டால் சொல்லும், இருமுறை தட்டினால் திறக்கும் என்ற எளிய ஏற்பாடு அந்தப் பயத்தைப் போக்கியது. அதே ஆண்டு கூகுளில் டி. வி. ராமனும் சார்லஸ் சென்னும் ஆண்ட்ராய்டுக்கான பேச்சு வசதிகளை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ராமன் பார்வையற்றவர். ஆனால் திரையைத் தடவித் தெரிந்துகொள்ளும் வசதி 2011-ல் ஆண்ட்ராய்டு 4.0 வந்தபோதுதான் கிடைத்தது. ஐபோன் இரண்டு ஆண்டு முந்திக்கொண்டதன் பலன் இன்னும் தொடர்கிறது. இணையத்தை எல்லோரும் பயன்படுத்த உதவும் வெப்எய்ம் அமைப்பு நடத்தும் திரைவாசிப்பான் பயனர் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் ஐபோன் வைத்திருப்பவர்கள். பதில் சொல்பவர்களில் பெரும்பாலோர் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள் என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

கைக்கு எது பழகும்?

அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான். வலப்பக்கம் ஸ்வைப் செய்தால் அடுத்தது, இடப்பக்கம் செய்தால் முந்தையது, இருமுறை தட்டினால் திறக்கும். வித்தியாசம் அதற்கு மேல் தொடங்குகிறது. வாய்ஸ்ஓவரில் ரோட்டர் என்று ஒன்று உண்டு. குழாயைத் திருகுவதுபோல இரண்டு விரல்களைத் திரையில் வைத்துத் திருப்பினால் 'எழுத்து', 'சொல்', 'தலைப்பு', 'இணைப்பு' என்று மாறிக்கொண்டே போகும். வேண்டியது வந்ததும் நிறுத்தி, மேலும் கீழும் ஸ்வைப் செய்தால் அந்த அலகிலேயே நகரலாம். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். ஒரு கையால் வராவிட்டால் இரண்டு கைக் கட்டைவிரல்களாலும் திருப்பலாம் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. கை பழகிவிட்டால் நீண்ட இணையப் பக்கத்தில் தலைப்பு தலைப்பாகத் தாவுவதற்கு இதைவிட வேகமான வழியை நான் கண்டதில்லை.

டாக்பேக்கில் இதே வேலைக்கு வாசிப்புக் கட்டுப்பாடுகள் உண்டு. மூன்று விரல்களால் இடமோ வலமோ ஸ்வைப் செய்து அலகை மாற்றலாம். முன்பெல்லாம் ஒரு விரலால் கோணம் வரைய வேண்டும். கீழே இழுத்து உடனே இடப்பக்கம் திரும்பினால் பின்செல்லும், மேலே போய் வலப்பக்கம் திரும்பினால் மெனு வரும். நடுங்கும் கைகளுக்கு இது பெரும் சோதனை. கோணம் சரியாக விழாவிட்டால் வேறெதுவோ திறந்துவிடும். 2021-ல் பலவிரல் சைகைகள் வந்தபின் நிலைமை வெகுவாக மாறியது. டாக்பேக் பின்தங்கியது என்று இன்றும் சொல்பவர்களில் பலர் அதற்கு முன்பு அதைக் கைவிட்டவர்கள்.

எழுதியதைத் திருத்துவதில் மட்டும் ஐபோனுக்கே என் ஓட்டு. ஒரு பத்தியின் நடுவில் இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுத்து வெட்டி வேறிடத்தில் ஒட்டும் வேலையை ரோட்டரில் பதற்றமில்லாமல் செய்கிறேன். டாக்பேக்கிலும் முடியும். ஆனால் கர்சர் எங்கே நிற்கிறது என்பதை மறுபடி மறுபடி உறுதி செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரே பெயர், பல முகங்கள்

ஐபோன் எதை வாங்கினாலும் வாய்ஸ்ஓவர் ஒன்றுதான். நண்பர் தொலைபேசியில் 'எனக்கு இது வரவில்லை' என்றால், என் செல்பேசியை எடுத்து அதே இடத்துக்குப் போய் வழி சொல்ல முடியும். ஆண்ட்ராய்டில் அப்படிச் சொல்ல முடிவதில்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் செட்டிங்ஸை வேறு வேறு இடத்தில் வைக்கிறார்கள். சாம்சங் பல ஆண்டுகள் தனக்கென்று ஒரு திரைவாசிப்பானை வைத்திருந்து, ஆண்ட்ராய்டு 11 காலத்தில்தான் டாக்பேக்குக்கு வந்தது. நினைவகம் குறைந்த செல்பேசிகளில் இன்னொரு துன்பம்: விரல் வைத்து அரை நொடி கழித்துப் பேசும். பார்ப்பவருக்கு அரை நொடி ஒன்றுமில்லை. காதால் நகர்பவருக்கு அது ஒவ்வொரு அடியிலும் தடுக்கிவிடும் கல். ஆகவே ஆண்ட்ராய்டு என்று பொதுவாகச் சொல்லி ஒப்பிடுவது நியாயமில்லை. கூகுளின் பிக்சலிலோ சாம்சங்கின் மேல்நிலை மாதிரிகளிலோ இருக்கும் டாக்பேக்கும், குறைந்த திறன் கொண்ட செல்பேசியில் இருக்கும் டாக்பேக்கும் பெயரில் மட்டும்தான் ஒன்று.

பிழை திருத்தத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது. வாய்ஸ்ஓவர் ஐஓஎஸ்ஸோடு பிணைந்தது. அதில் ஒரு பிழை புகுந்தால் அடுத்த ஐஓஎஸ் அப்டேட் வரும்வரை அதோடு வாழ வேண்டும். அப்பிள்விஸ் தளத்தில் பார்வையற்ற பயனர்கள் ஒவ்வொரு பெரிய வெளியீட்டின்போதும் பிழைகளைப் பட்டியலிடுகிறார்கள். அதைப் படிக்காமல் நான் அப்டேட் பொத்தானைத் தொடுவதில்லை. டாக்பேக்கோ பிளே ஸ்டோர் வழியாகத் தனியாகவே புதுப்பிக்கப்படுகிறது. பழைய ஆண்ட்ராய்டு வைத்திருப்பவருக்கும் ஓரளவு புதிய டாக்பேக் கிடைத்துவிடும்.

டாக்பேக் பிடிக்காவிட்டால் அதை விட்டு வேறொன்றுக்குப் போகலாம் என்பதும் ஆண்ட்ராய்டில்தான். ஜியேஷுவோ போன்ற மாற்றுத் திரைவாசிப்பான்களைப் பலர் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். ஐபோனில் வாய்ஸ்ஓவரை விட்டால் வேறு வழி கிடையாது. ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. திருட்டு ஆப்கள், திரைவாசிப்பான்கள் இயங்க ஆண்ட்ராய்டு தரும் அணுகல்தன்மைச் சேவையைத் தவறாகப் பயன்படுத்தித் திரையில் இருப்பதைப் படிக்கின்றன. அதற்குப் பயந்து சில வங்கி ஆப்கள், வெளியார் சேவை எதுவும் ஓடிக்கொண்டிருந்தால் திறக்கவே மறுக்கின்றன. பணம் அனுப்பும் நேரத்தில் 'அணுகல்தன்மைச் சேவையை நிறுத்துங்கள்' என்று வந்தால் நாங்கள் என்ன செய்வது? அதை நிறுத்தினால் திரையே எங்களுக்கு இருட்டு. திருடனுக்குப் போட்ட பூட்டில் வீட்டுக்காரரையும் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். இதை மாற்ற வேண்டிய பொறுப்பு ஆப் செய்பவர்களுடையது. பெயர் சூட்டாத பொத்தான்களும் அப்படித்தான். 'பட்டன், பட்டன், பட்டன்' என்று வரிசையாகக் கேட்கும்போது எந்தத் திரைவாசிப்பானாலும் பெரிதாக உதவ முடியாது. இரண்டிலும் நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம். ஐபோனில் 2020 முதல், பெயரில்லாத பொத்தான்களைச் செல்பேசியே ஊகித்துச் சொல்லும் வசதியும் இருக்கிறது. கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும். ஆனாலும் ஆபத்துக்கு உதவும்.

தமிழ் எப்படிக் கேட்கிறது?

தமிழ்க் குரல் இப்போது இரண்டு பக்கமும் இருக்கிறது. சிக்கல் வேகத்தில். ஆண்டுக்கணக்காகக் கேட்டுப் பழகியவர்கள் ஆங்கிலத்தை வேறு யாருக்கும் புரியாத வேகத்தில் ஓடவிடுவார்கள். 2022-ல் ஐபோனுக்குள் வந்த எலோக்வன்ஸ் குரலை அதற்காகவே கொண்டாடினார்கள். இயற்கையாகப் பேசும் குரல்கள் வேகம் கூட்டினால் குழைந்துபோகும், எலோக்வன்ஸ் குழையாது. ஆனால் அதில் தமிழ் இல்லை. தமிழில் அந்த வேகம் வேண்டும் என்றால் ஈஸ்பீக் என்ற குரல்தான். தகரத்தில் தட்டியதுபோல ஒலிக்கும், முதல் நாள் காது வலிக்கும். ஆனால் எவ்வளவு விரைவாக ஓடவிட்டாலும் எழுத்துகள் தனித்தனியாக விழும். ஆண்ட்ராய்டில் இப்படி வெளியார் குரலைச் சேர்ப்பது பல ஆண்டுப் பழக்கம். ஐபோன் அந்தக் கதவை ஐஓஎஸ் 16-ல்தான் திறந்தது.

எந்தக் குரலாக இருந்தாலும் 'பாவம்' என்ற சொல்லில் தடுமாறும். நடனக் கலைஞரின் பாவமா, செய்த பாவமா என்று எழுத்தில் இல்லாததைக் குரல் எங்கிருந்து கொண்டுவரும்? அதை மன்னித்துவிடலாம். தட்டச்சில் வரும் தொல்லைதான் பெரிது. 'கொ' என்று அடித்துவிட்டு பேக்ஸ்பேஸைத் தட்டினால் பெரும்பாலும் போவது முழு எழுத்தல்ல, உயிர்க்குறி மட்டும். மிச்சம் 'க' நிற்கிறது என்பது காதுக்குத் தெளிவாகத் தெரியாது. அந்த 'க' மேல் அடுத்த எழுத்தை அடித்து அனுப்பிய பிறகுதான் சொல் சிதைந்திருப்பது தெரியும். இதனால் அழித்த பிறகு ஒவ்வொரு முறையும் சொல்லை முழுதாக ஒருமுறை படிக்கவிட்டுக் கேட்பது என் வழக்கமாகிவிட்டது. சொல்லித் தட்டச்சுவதற்கு கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டின் தமிழ் பேச்சுள்ளீடு மிக நன்றாக இருக்கிறது. நீண்ட கடிதம் என்றால் என் கை தானாக ஆண்ட்ராய்டைத்தான் எடுக்கிறது.

படங்களை விவரிப்பதில் இரண்டும் வேகமாக முன்னேறுகின்றன. டாக்பேக்கில் 2024 முதல் கூகுளின் செயற்கை நுண்ணறிவான ஜெமினியின் உதவியோடு விவரிப்பு வருகிறது. ஒரு காலத்தில் இப்படிப்பட்ட வசதிகள் ஐபோனுக்கே முதலில் வரும். கேமராவில் தெரிவதைச் சொல்லும் மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ ஆப் 2017-ல் ஐபோனுக்கு வந்து, 2023 டிசம்பரில்தான் ஆண்ட்ராய்டை எட்டியது. இப்போது அந்த இடைவெளி பெரிதாக இல்லை.

மீண்டு வருவது

புதுச் செல்பேசியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தனியாகவே தொடங்க இரண்டிலும் முடியும். ஐபோனில் பக்கப் பொத்தானை மும்முறை அழுத்தினால் பேசத் தொடங்கும். ஆண்ட்ராய்டில் ஒலி கூட்டும், குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்துச் சில நொடி பிடிக்க வேண்டும். சில மாதிரிகளில் இது சற்று வேறாக இருக்கும். வாய்ஸ்ஓவர் ஊமையாகிவிட்டது என்று அழைப்பவர்களில் பெரும்பாலானோருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மூன்று விரல்களால் இருமுறை தட்டுங்கள். தெரியாமல் அதைத் தட்டிப் பேச்சை நிறுத்தியிருப்பார்கள். மறுபடி தட்டியதும் பேசிவிடும். செல்பேசியை அணைத்துப் போட்டாலும் பூட்டுத் திரையிலேயே வாய்ஸ்ஓவர் பேசும். ஐபோனை நான் பெரிதும் நம்புவது இதனால்தான். முகம் காட்டித் திறப்பதில் மட்டும் கவனம் தேவை. முதல்முறை அமைக்கும்போது வாய்ஸ்ஓவர் ஓடிக்கொண்டிருந்தால், கண் திரையைப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை தானாகத் தளர்ந்துவிடும். நமக்கு அது வசதி. ஆனால் நாம் தூங்கும்போது யாராவது நம் முகத்துக்கு நேரே பிடித்தாலும் திறந்துவிடலாம்.

வேலைக்காக நிறைய எழுதுபவர், பிறருக்குத் தொலைபேசியில் வழிகாட்ட வேண்டியவர், அவசரத்துக்குப் பக்கத்தில் யாரும் இல்லாதவர் கேட்டால் நான் ஐபோனைச் சொல்கிறேன். தமிழிலேயே பேசி, தமிழிலேயே எழுதி, குரலைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ள நினைப்பவருக்கு நினைவகம் தாராளமாக உள்ள ஆண்ட்ராய்டு. புதிதாகப் பார்வை இழந்தவருக்கு, வீட்டிலோ நட்பிலோ ஏற்கெனவே யார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்ட பிறகே பதில் சொல்வேன். முதல் மாதத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்துக் காட்டும் ஒருவர் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

எதை எடுத்தாலும் முதல் நாளே ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். கண் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதே செல்பேசியை முழுதாக அணைத்து மறுபடி எழுப்புங்கள். பூட்டுத் திரையில் விரலை வைத்துப் பேச்சு வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால் செல்பேசியோடு வந்த பழைய குரலுக்கே திரும்பி, அன்றைக்கே இன்னொரு முறை அணைத்துப் பாருங்கள்.